கூடத்துச் சுவரில் யார் பக்கத்தில் யார்

கோவில்பட்டியில் தாத்தா கட்டிய வீட்டின் கூடத்தில், வடக்குச் சுவரும் மேற்குச் சுவரும் சேரும் மூலையில் ஓதம் ஏறி, காரை உப்பி, கை வைத்தாலே பொலபொலவென்று உதிர ஆரம்பித்துவிட்டது. பழைய சுண்ணாம்புக் காரை. கொத்தனார் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு சுவரையும் கொத்தி எடுத்துட்டுத்தான் பூசணும்" என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் சுவரில் இருக்கும் படங்கள் எல்லாம் இறங்கியாக வேண்டும். இறக்குவது ஒரு மதியத்து வேலை. திரும்ப மாட்டுவதில்தான் இத்தனை விஷயம் இருந்தது.

நான் பல வருஷம் ஒரு நாளிதழில் பக்க வடிவமைப்பில் இருந்தவள். எந்தப் படத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதுதான் பிழைப்பு. அதனால் இது எனக்குச் சுலபம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வீட்டில் அத்தை இருந்தார். கடைவீதியில் பிரேம் கடை அண்ணாச்சி இருந்தார். ஒரே படத்தை மூன்று பேரும் மூன்று விதமாகப் பார்த்தோம். அந்த இழுபறியையும், வேலை செய்த விதத்தையும் சேர்த்தே இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வீட்டுப் படங்களை இறக்கி ஏற்றப் போகிறவர்களுக்கு இரண்டுமே தேவைப்படும்.

இறக்குவதற்கு முன்

சுவரில் இருப்பதை இருக்கிறபடியே முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். செல்போன் போதும். எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்று நேராக எடுக்க வேண்டும். ஓரமாக நின்று எடுத்தால் அளவெல்லாம் கோணிவிடும். அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண். மாஸ்கிங் டேப்பில் எழுதிச் சட்டத்தின் பின்பக்கம் ஒட்டலாம். நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே, தரையிலிருந்து எவ்வளவு உயரம், இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், மாலை உண்டா, பொட்டு உண்டா என்று குறித்துக்கொண்டேன். மாலையும் பொட்டும் சும்மா ஒரு சிரத்தைக்காகத்தான் எழுதியது. பின்னால் அந்தப் பத்திதான் அதிகம் உதவியது.

படங்கள் எல்லாமே நிலைக்கு மேலே, ஏழடிக்கும் உயரத்தில் இருந்தன. சுவர் நெடுகிலும் ஒரு ரீப்பர் கட்டை அடித்து, சட்டங்களின் அடிப்பாகத்தை அதில் உட்கார வைத்திருந்தார்கள். மேல்பாகம் கயிற்றில் தொங்கி முன்னால் சாய்ந்திருக்கும். சாய்ந்த படத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முக்கோண இடுக்கு கிடைக்கும். அதுதான் சிட்டுக்குருவிக்கு வீடு. குருவிகள் வருவது நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. இரண்டு படங்களின் பின்னால் வைக்கோல் துணுக்கும் பஞ்சும் அப்படியே இருந்தன.

வடக்குச் சுவரில் காலமானவர்கள் மட்டும். எல்லா முகமும் தெற்குப் பார்த்திருக்கும். மேற்குச் சுவரில், அறைக்குப் போகும் நிலைக்கு நேர்மேலே முருகன், அவருக்கு ஒரு பக்கம் காந்தி, இன்னொரு பக்கம் காமராஜர். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் கல்யாணப் படங்கள், பள்ளிக்கூடக் குழுப்படம், தாத்தா பணி ஓய்வு பெற்றபோது மில்லில் எடுத்த குழுப்படம்.

வடக்குச் சுவரில் ஒவ்வொருவரும் போகப் போக அடுத்த ஆணியில் ஏறிக்கொண்டே வந்திருப்பார்கள் என்று சின்ன வயதிலிருந்தே நினைத்திருந்தேன். படங்களை இறக்கியதும் சுவரே வேறு கதை சொன்னது. ஒவ்வொரு படத்துக்கும் மேலே இரண்டு மூன்று பழைய ஆணித் துளைகள். சில சுண்ணாம்பால் அடைத்தவை, சில அப்படியே விட்டவை. ஒருவர் போனதும் அவருடைய படத்தைக் கடைசியில் சேர்க்காமல், வரிசையையே நகர்த்தி, அவருடைய வயதுக்கு உரிய இடத்தில் நுழைத்திருக்கிறார்கள். தம்பி முந்திக்கொண்டு போயிருந்தாலும், அண்ணன் படம் வந்ததும் தம்பி ஒரு ஆணி தள்ளிப் போயிருக்கிறார். சுவரைக் கொத்துவதற்கு முன்னால் அந்தத் துளைகளையும் அளந்து நோட்டில் ஏற்றிக்கொண்டேன்.

பின்பக்கம்

சட்டத்தைத் திறக்க மேசை வேண்டாம். தரையில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தால் போதும். மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது. பல வருஷத் தூசி. பின்பலகையைப் பிடித்திருக்கும் சின்ன ஆணிகளை நெம்பாமல், குறட்டால் பிடித்து நேராக உருவ வேண்டும். நெம்பினால் சட்டத்தின் மூட்டு விட்டுவிடும்.

பலகைக்கும் படத்துக்கும் நடுவில் அடைத்திருக்கும் தாளைத் தூக்கி எறியாதீர்கள். எங்கள் படங்களில் நாட்காட்டித் தாள், செய்தித்தாள், ஒன்றில் யாருடையதோ கல்யாணப் பத்திரிகை. அதில் உள்ள தேதிக்கு முன்னால் அந்தச் சட்டம் மூடப்பட்டிருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம். படம் அதைவிடப் பழையதாக இருக்கலாம். படத்தின் வயதுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. கெட்டி அட்டையில் ஒட்டி 4¼க்கு 6½ அங்குலம் இருந்தால் அது பழைய கேபினெட் சைஸ். அச்சு சதுரமாக இருந்தால் 120 பிலிமில் எடுத்ததாக இருக்கலாம். நம் ஊரில் பல வீடுகளில் அது அக்பா கிளிக் 3 கேமரா, ஒரு சுருளுக்கு பன்னிரண்டு சதுரம். கலர் படம் மொத்தமும் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தால் பெரும்பாலும் எழுபது, எண்பதுகளின் காகிதம். நீலச்சாயம் முதலில் போய்விட்டது என்று அர்த்தம்.

கறுப்பு வெள்ளைப் படங்களின் கறுத்த பாகத்தில், ஓரமாக, நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரியும். படத்தில் உள்ள வெள்ளிதான் மேற்பரப்புக்கு வந்து படிகிறது. அழுக்கென்று துடைக்கக் கூடாது. மஞ்சள் திட்டு இருந்தால், பிரிண்ட் போடும்போது பயன்படுத்திய ஹைப்போ என்ற ரசாயனத்தைச் சரியாகக் கழுவாத படம். அதற்கும் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. ராமபாணப் பூச்சி அரித்த படங்களை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டுத் தனியாக வைத்தேன். பூச்சிக்குப் பிடித்தது பசையும், படத்தின் மேல் உள்ள ஜெலட்டினும். மாவுப் பசையில் ஒட்டியவைதான் அதிகம் போயிருந்தன.

தாத்தா பாட்டி கல்யாணப் படம்தான் பெரிய சிக்கல். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பாட்டி பக்கத்தில் நிற்கிறார். நடுவில் வட்டமான டீப்பாய், அதில் ஒரு பூச்சாடி, ஒரு மேசைக் கடிகாரம். பின்னால் திரையில் மாளிகைப் படிக்கட்டு. பாட்டியின் சேலைக் கரைக்கு மட்டும் யாரோ பிரஷ்ஷால் ரோஸ் கலர் தீட்டியிருக்கிறார்கள்; கன்னத்தில் ஒரு துளி அதே கலர். படத்தின் இடதுகைப்பக்கக் கீழ்ப்பாகம் முழுக்கக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, காய்ந்ததும் இறுகியிருக்கிறது. சாய்த்துப் பார்த்தால் ஒட்டிய இடம் மட்டும் ஈரமான தரை மாதிரி கறுத்துத் தெரியும்.

"தண்ணியில போட்டா தானா வந்துரும்மா" என்றார் அண்ணாச்சி. கலர் தீட்டாத வெறும் கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தேர்ந்தவர்கள் சில சமயம் அதைச் செய்வதுண்டு. கையால் தீட்டிய கலர் தண்ணீரில் கரைந்து போய்விடும். அதனால் பிரிக்கவே இல்லை. கண்ணாடியோடு சேர்த்து நகல் எடுத்தோம். படத்தைத் தரையில் படுக்க வைத்து, கேமராவை நேர் மேலே நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 டிகிரிக்கு ஒவ்வொரு விளக்கு. கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி போட்டால்தான் அதன் நிழல் கண்ணாடியில் விழாது. அச்சடித்த நகல் சுவருக்கு. கண்ணாடியும் படமும் ஒட்டிய மூலப் பிரதி பெட்டிக்கு. அதைப் படுக்கை வசமாகத்தான் வைக்க வேண்டும்.

நகலைக் கம்ப்யூட்டரில் எவ்வளவு சுத்தம் செய்வது என்று அடுத்த கேள்வி. தம்பி ஒரு செயலியில் போட்டு முழுக்கக் கலராக்கி அனுப்பினான். பாட்டி சேலை பச்சையாகிவிட்டது. "அது அரக்கு" என்றார் அத்தை. அரக்கில் எப்படி ரோஸ் கரை வந்தது என்று கேட்டேன். "அது ஸ்டூடியோக்காரர் இஷ்டம்" என்றார். பூஞ்சைப் புள்ளிகளை மட்டும் எடுத்துவிட்டு, விரிசலையும் ரோஸ் கரையையும் விட்டுவைத்தேன்.

தரையில்

மூலப் படங்களைப் பெட்டியில் வைத்துவிட்டு, சட்டங்களை மட்டும் ஜமுக்காளத்தில் பரப்பினோம். சுவர் காய்கிற வரைக்கும் நேரம் இருந்தது. புதுப் பூச்சு வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டு மாட்டினால் பின்பலகை பூத்துவிடும்.

முதல் வரிசை நான் போட்டது. பத்திரிகையில் பழகிய விதிகள்தான். முகம் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது. ஒரு படம் பெரியது, மற்றவை அதற்குக் கட்டுப்பட்டவை. இடைவெளி எங்கும் ஒன்றே. எல்லாம் கண் மட்டத்தில், படத்தின் நடு தரையிலிருந்து 58 அங்குலத்தில். இந்தக் கண் மட்டக் கணக்கு ஏதோ இயற்கை விதி என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். அப்படி இல்லை. பாரிஸின் சலோன் கண்காட்சிகளில் ஓவியங்களைச் சட்டத்தோடு சட்டம் உரசக் கூரை வரை அடுக்கினார்கள். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1905இல் நியூயார்க்கில் திறந்த சின்னக் காட்சியறையில் புகைப்படங்களை ஒரே வரிசையில், இடைவெளி விட்டு, கண்ணுக்கு நேராக மாட்டினார். புகைப்படமும் கலைதான் என்று வாதாடுவதற்கு அவருக்கு அந்த வெற்றிடம் தேவைப்பட்டது. அது பழக்கமாகி, அருங்காட்சியகத்திலிருந்து அலுவலக வரவேற்பறை வரை வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தில் வந்தவள் நான்.

அண்ணாச்சி சட்டங்களுக்கு அளவெடுக்க வந்தவர், என் வரிசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "ஏம்மா, படமெல்லாம் ஒரு பக்கமா ஓடுதே" என்றார். அவர் போடும் வரிசையில் பெரியது நடுவில். இரண்டு பக்கமும் அளவு பார்த்து ஜோடி ஜோடியாக. சாமி எல்லாவற்றுக்கும் மேலே. ஒற்றைப்படை எண்ணிக்கை வேண்டும். இரட்டைப்படை வந்தால் ஒரு நாட்காட்டிப் படத்தைச் சேர்த்தாவது சரிக்கட்டுவார். இது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக வேண்டாம். நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்துகொண்டிருந்த கொண்டையராஜு 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் தேவி ஆர்ட் ஸ்டூடியோவிலிருந்து வரைந்த சாமிப் படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகி ஊரெல்லாம் போயின. பிரேம் கடைகளுக்கு அவைதான் சோறு போட்டன. அந்தப் படங்களில் சாமி நேராக நம்மைப் பார்க்கும், நடுவில் நிற்கும், இரண்டு பக்கமும் தேவியரோ மயிலோ விளக்கோ ஒரே கனத்தில் இருக்கும். தலைமுறையாக அதையே சட்டம் போட்டவர் கைக்கு ஓரத்தில் கனம் வைக்க வராது. அதே ஸ்டூடியோ மரபில் வந்ததுதான் தாத்தாவுக்குப் பின்னால் இருக்கும் மாளிகைப் படிக்கட்டும்.

அத்தைக்கு அளவும் தெரியாது, சமநிலையும் தெரியாது. ஆனால் அவர் சொன்னதைத்தான் மீற முடியவில்லை. நாற்காலியை ஜமுக்காளத்தின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஊன்றுகோலால் ஒவ்வொரு சட்டமாகத் தொட்டுக் காட்டினார். "மருமகன் படம் மாமனாருக்கு மேல வரக் கூடாது தாயி." "இருக்கிறவுகளையும் போனவுகளையும் ஒரே வரிசையில வைக்கப்படாது." எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு ஜோடி இருந்தது: ஒருவர் இடப்பக்கமும் ஒருவர் வலப்பக்கமும் பார்க்க, இரண்டு படமும் சேர்ந்தால் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். "அவுக ரெண்டு பேரும் பத்து வருசம் பேச்சு வார்த்தை இல்லாம இருந்தவுக. போயும் போயும் மூஞ்சிக்கு மூஞ்சி வச்சிருக்கே" என்றார். அப்புறம் அந்த ஜோடியை எப்படி மாட்டுவது?

காந்தியையும் காமராஜரையும் காலமானவர்கள் சுவருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். மாலை போடுகிற படங்கள்தானே. காமராஜர் இறந்ததும் அக்டோபர் 2 என்பதால், எங்கள் வீட்டில் அந்த ஒரு நாளில் இரண்டு பேருக்கும் சேர்த்தே மாலை வாங்குவார்கள். "அவுக செத்தவுக கணக்குல வர மாட்டாக" என்று முடித்துவிட்டார்.

பக்கத்தில் எது இருக்கிறது என்பது முகத்தையே மாற்றிக் காட்டும் என்பது சினிமாக்காரர்களுக்குப் பழைய பாடம். லெவ் குலஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஒரே நடிகரின் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் வெட்டி ஒட்டிக் காட்டியது பிரபலம். எங்கள் ஜமுக்காளத்திலேயே அது நடந்தது. மில் குழுப்படத்தைக் காமராஜருக்குப் பக்கத்தில் வைத்தால் தாத்தா கட்சிக்காரராகத் தெரிகிறார். அதே இடத்தில் கல்யாணப் படத்தை வைத்தால் காமராஜர் பெண் வீட்டு உறவினராகத் தெரிகிறார். தாத்தா கட்சியில் இருந்ததில்லை. ஆனால் அவர் போட்ட வரிசையில் குழுப்படம்தான் காமராஜருக்குப் பக்கத்தில் இருந்தது. அதை மாற்றவில்லை.

அந்த மில் குழுப்படத்துக்கு உள்ளேயும் ஒரு வரிசை இருக்கிறது. நடுவில் நாற்காலியில் மேலாளர், கழுத்தில் மாலையோடு ஓய்வு பெறுகிற தாத்தா அவருக்கு வலப்பக்கம், அப்புறம் பதவிப்படி இரண்டு பக்கமும் நாற்காலிகள். பின்னால் நிற்பவர்கள், அதற்கும் பின்னால் பெஞ்சில் ஏறி நிற்பவர்கள், முன்னால் தரையில் சம்மணம் போட்டவர்கள். தாத்தா அந்த ஒரு நாள்தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பழைய குழுப்படங்களில் எல்லாம் மூன்றாவது வரிசை. பெயர்கள் அச்சடித்த அடித்தாள் கிழிந்து போயிருந்தது. அத்தை இடமிருந்து வலமாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்; தெரியாத முகத்துக்கு "கணக்குப்பிள்ளை மச்சினன்" மாதிரி ஏதாவது ஒரு உறவாவது வந்துவிடும்.

கொள்ளுப்பாட்டி படத்தை நான் ஓவியம் என்றே நினைத்திருந்தேன். பின்பக்கம் திறந்ததும்தான் தெரிந்தது, முகம் மட்டும் புகைப்படம். ஏதோ ஒரு குழுப்படத்திலிருந்து முகத்தைப் பெரிதாக்கி, உடம்பையும் சேலையையும் நகையையும் ஸ்டூடியோவில் வரைந்து சேர்த்திருக்கிறார்கள். தனியாகப் படம் எடுத்துக்கொள்ளாமலே போனவர்களுக்கு அப்படிச் செய்வது அந்தக் காலத்தில் சகஜம். "அந்த அட்டிகை அவுககிட்ட கெடையவே கெடையாது" என்றார் அத்தை. என் ரசனைக்கு அந்தப் படம் கொஞ்சம் பொம்மைத்தனம். அசல் குழுப்படம் கிடைத்தால் அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அட்டிகை போட்ட கொள்ளுப்பாட்டிதான் வேண்டுமாம். அதைச் செய்யச் சொல்லிக் காசு கொடுத்தவர் அவருடைய மகன். மகன் போட்ட நகையை நான் எப்படிக் கழற்றுவது?

டிரங்குப் பெட்டியிலிருந்து இன்னொரு படம் வந்தது. கொள்ளுத்தாத்தாவின் உடலை நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு, குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று எடுத்தது. குழந்தைகள் கேமராவைப் பார்க்கின்றன. பெரியவர்கள் யாரும் பார்க்கவில்லை. படம் என்ற அளவில் வீட்டில் இருப்பதிலேயே அதுதான் சிறந்தது. பத்திரிகையாக இருந்தால் அரைப் பக்கம் கொடுத்திருப்பேன். அத்தை அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். மாட்டுகிற படம் வேறு, வைத்திருக்கிற படம் வேறு. பெட்டிக்கே திரும்பிப் போயிற்று, புது உறையோடு. இந்த மாதிரிப் படம் வீட்டில் இருந்தால் சங்கடப்பட்டுக் கிழித்துவிடாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி நகலெடுத்து வைத்திருக்கிறது. ஸ்டூடியோ முத்திரையும் அட்டையும் அப்படியே இருந்தால்தான் பின்னால் யாராவது பார்த்து ஏதாவது சொல்ல முடியும்.

ஏற்றுதல்

கடைசியில் வடக்குச் சுவர் அத்தை சொன்னபடி. பழைய வரிசை, பழைய உயரம், பழைய சாய்வு. மேற்குச் சுவர் அண்ணாச்சி கணக்கு. நிலைக்கு மேலே முருகன், இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக. எனக்குக் கிடைத்தது முன்வாசலிலிருந்து கூடத்துக்கு வரும் நடை. அங்கே யாரும் கேட்பாரில்லை. அப்பா எடுத்த சதுரப் படங்களை ஒரே அளவுச் சட்டத்தில், ஒரே வரிசையில், கண் மட்டத்தில் மாட்டினேன். அவை யார் முக்கியம் என்பதற்காக எடுத்தவை அல்ல. கிணற்றடி, சைக்கிள், நனைந்த துணி, நாய்.

முதலில் ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டுப் போக வர பார்த்தால், தரையில் சரியாகத் தெரிந்தது சுவரில் எங்கே இடறுகிறது என்று தெரியும். நடையில் ஆணி அடிக்கும் உயரத்துக்குக் கணக்கு இதுதான்: நடு உயரம், அதோடு சட்டத்தின் உயரத்தில் பாதி, அதிலிருந்து கம்பி தொய்ந்து இறங்கும் அளவைக் கழிக்க வேண்டும். 16 அங்குலச் சட்டம், கம்பியை இழுத்துப் பிடித்தால் அதன் உச்சி சட்டத்தின் மேல்விளிம்புக்கு 2 அங்குலம் கீழே வருகிறது என்றால், 58 உடன் 8 கூட்டி 2 கழித்து, 64 அங்குலத்தில் ஆணி. ரசமட்டத்தை ஆணிக்கு வைக்காதீர்கள், சட்டத்தின் மேல் வையுங்கள். பழைய சட்டங்களில் இரண்டு வளையமும் ஒரே மட்டத்தில் இருக்காது.

வடக்குச் சுவருக்கு ரீப்பர் கட்டை புதிது. பிளக் வைத்து ஸ்குரு போட்டு இறுக்கினோம். சாய்வை நான் முதலில் பழைய பாணி என்றுதான் நினைத்தேன். ஏழடிக்கு மேல் இருக்கும் கண்ணாடியைச் செங்குத்தாக மாட்டிப் பார்த்தபோது, எதிர்ச்சுவர் டியூப்லைட் முழுக்க அதில் விழுந்து முகமே தெரியவில்லை. சாய்த்ததும் வெளிச்சம் தரைக்குப் போய்விட்டது. முகம் கீழே நிற்பவரைப் பார்த்தது. வளையத்தை எவ்வளவு கீழே திருகுகிறோமோ அவ்வளவு சாயும். சட்டத்தின் உயரத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைத்தது எங்கள் சுவருக்குச் சரியாக வந்தது. நைலான் கயிறு நாளாக நாளாக நீளும். முறுக்கிய கம்பிதான் நல்லது.

மூடுவதற்கு முன்னால், படம் மறுபடி கண்ணாடியைத் தொடாமல் இருக்க, சட்டத்தின் உள்விளிம்பில் மெல்லிய அட்டைக் கீற்றுகளை ஒட்டினோம். நடையில் உள்ள படங்களுக்கு, படத்தைச் சுற்றி வரும் கெட்டி அட்டையான மவுண்ட் போர்டிலேயே ஜன்னல் வெட்டிவிட்டதால் இடைவெளி தானாக வந்துவிட்டது. படத்தின் முதுகில் பசையோ செலோ டேப்போ படக் கூடாது. நாலு மூலையிலும் காகித முக்கோணம் போட்டுச் செருகினால் போதும். பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவில் அமிலம் இல்லாத அட்டை ஒன்று. சட்டத்தின் கீழ்மூலைகளில் சின்ன ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்று போகும். மூலப் படங்கள் இருக்கும் பெட்டி பீரோவில். பரணில் வைத்தால் கோவில்பட்டி வெயிலில் வெந்துவிடும். ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர், உறவு, ஊர் எழுதியாயிற்று. பென்சிலில்தான், ஓரத்தில், அழுத்தாமல். பேனா மை முன்பக்கம் ஊறி வரும்.

மாலையில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். சந்தன மாலையும் பிளாஸ்டிக் மாலையும் சரி; ஈரப் பூமாலையைக் கண்ணாடி மேல் படாமல் மேல் ஆணியிலிருந்து தனியாகத் தொங்கவிட ஒரு கொக்கி வைத்தேன். சட்டங்களின் மேல் ஓரம் ஒரே இடத்தில் உளுத்திருந்தது ஏன் என்று அப்போது அண்ணாச்சிதான் காட்டினார். குங்குமத்தை அத்தை கண்ணாடியில்தான் வைப்பார். அதில் தலையிடவில்லை.

இப்போது மிச்சம் இருப்பது தம்பி மகளின் பட்டமளிப்புப் படம். 20க்கு 30 அங்குலம், அக்ரிலிக்கில், பளபளவென்று. மேற்குச் சுவரில் காமராஜருக்கு அந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்கிறான். கல்யாணப் படங்கள் வரிசையில் கல்யாணமாகாத பெண்ணை வைக்கக் கூடாது என்கிறார் அத்தை. எதிர்ப்பக்கம் அந்த அளவுக்கு ஜோடி இல்லையே என்கிறார் அண்ணாச்சி. அந்த நீல அங்கியும் அந்தப் பளபளப்பும் பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளையை எல்லாம் சாப்பிட்டுவிடும் என்பது என் கட்சி. மூன்று பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான், அதுவும் மூன்று காரணத்துக்காக. இதில் அத்தை சொன்ன காரணத்தை மட்டும் நான் தம்பி மகளிடம் சொல்லப் போவதில்லை. அளவு கேட்டுத் தம்பி நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தான். சுவரில் 14 அங்குலம்தான் இருக்கிறது என்று பதில் போட்டேன். 12 அங்குலத்தில், கறுப்பு வெள்ளையில், மரச்சட்டம் போட்டுக் கொண்டு வருகிறேன் என்கிறான்.